இறைசால், பணம், சதம்: இலங்கையின் சின்னக் காசுகள் ஏன் அத்தனை சின்னதாயின

ஒரு வாசகர் படங்களோடு அனுப்பிய கேள்வி சுருக்கமாக இது. யாழ்ப்பாணத்து வீடொன்றின் பழைய பெட்டியில் நாலு செப்புக்காசுகள். ஒன்றில் யானையும் 48 என்ற எண்ணும். ஒன்றில் கிரீடம், ‘ஹாஃப் ஃபார்திங்’ என்ற எழுத்து, 1844. ஒன்றில் சூலத்தோடு உட்கார்ந்திருக்கும் பிரிட்டானியா, அதாவது பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த வடிவம்; ஆண்டு தேய்ந்துவிட்டது. நாலாவதில் பனை, 1870, கால் சதம். நடு இரண்டிலும் இலங்கையின் பெயரே இல்லையே, இவை இலங்கைக் காசுகள்தானா? இவ்வளவு குறைந்த மதிப்பில் காசு அடிக்க வேண்டிய அவசியம் என்ன? இவற்றை எப்படித் துலக்கி வைப்பது?

முதல் கேள்விக்கு விடை: முதலாவதும் நாலாவதும் ஐயமில்லாமல் இலங்கைக் காசுகள். ஹாஃப் ஃபார்திங் லண்டனில் அடிக்கப்பட்டாலும் இலங்கைக்காகவே பிறந்த மதிப்பு. பிரிட்டானியா காசை எடை போடாமல் சொல்ல முடியாது. எப்படிப் பார்ப்பது என்று கீழே சொல்கிறேன். கடைசிக் கேள்விக்கு இப்போதே ஒரு வார்த்தை: துலக்காதீர்கள். காரணத்தை முடிவில் விரிவாக எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். இலங்கையில் ஆட்சி ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்குப் போனது; நாணய முறை இரண்டு தடவை மாறியது. ஆனால் சந்தைக்காரர் மனதில் ஓடிய கணக்கு மாறவில்லை. புது முறை வரும்போதெல்லாம் பழைய கணக்கில் ஒரு துண்டு எங்கோ மிஞ்சியது. அந்த மிச்சத்துக்கு ஈடுகட்டப் பிறந்தவையே இந்தக் குட்டிக் காசுகள். காசின் முகத்தை விட அதன் எடையும் மதிப்பின் வகுத்தலும்தான் இதை நன்றாகச் சொல்கின்றன.

பழைய கணக்கை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒல்லாந்தர் காலத்துக் கணக்கு நாணயம் ரிக்ஸ் டாலர். யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதிகளில் ‘இறைசால்’ என்று வருவது இதுதான். ஓர் இறைசாலுக்கு 12 பணம். ஒரு பணத்துக்கு 4 ஸ்டைவர். ஆக 48 ஸ்டைவர் ஓர் இறைசால். ஸ்டைவரையும் நாலாகப் பிரித்தால் இறைசாலில் 192-இல் ஒரு பங்கு. கீழ்மட்டச் சில்லறை அதுதான். 4, 12, 48, 192 என்ற இந்த எண்களை மறக்காமலிருந்தால் பின்னால் வரும் எல்லாமே விளங்கும்.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி முதலில் நெதர்லாந்திலிருந்து கப்பலில் துட்டுகளைக் கொண்டுவந்தது. 1780இல் இங்கிலாந்தோடு போர் மூண்டு கப்பல்கள் தடைப்பட்ட காலத்திலிருந்து தீவிலேயே ஸ்டைவர் அடிப்பது பெருகியது. கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், திருகோணமலை என்று நாலு இடத்திலும் அடித்தார்கள். கம்பெனியின் பின்னல் முத்திரைக்கு மேல் உள்ள ஒற்றை ரோமன் எழுத்து ஊரைச் சொல்லும்: சி என்றால் கொழும்பு, ஜி என்றால் காலி, ஐ என்றால் யாழ்ப்பாணம், டி (T) என்றால் திருகோணமலை. வில்லை தடித்தும் ஓரம் ஒழுங்கில்லாமலும் இருக்கும். அச்சு பாதிதான் விழுந்திருக்கும். தகடு உருட்டும் எந்திரம் இல்லாத இடத்தில் கம்பியை வெட்டி அடித்தால் அப்படித்தான் வரும். ஜப்பான் செப்புக் கட்டியை அப்படியே துண்டாக்கி இரு முனையிலும் முத்திரை குத்தி 4¾ ஸ்டைவர் என்று வெளியிட்டதும் உண்டு. 4¾ என்ற விசித்திர மதிப்பு, துண்டில் எவ்வளவு செம்பு இருந்ததோ அதற்கேற்ப வந்தது.

1796இல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. ஆளுநர் ஃபிரெடரிக் நோர்த் காலத்தில், 1801இலிருந்து, புதிய காசுகள் வந்தன. கணக்கு மட்டும் அதே ரிக்ஸ் டாலர். ஒரு பக்கம் யானையும் ஆண்டும்; மறுபக்கம் ‘சிலோன் கவர்ன்மென்ட்’ என்ற எழுத்து வட்டத்துக்குள் ஓர் எண். உங்களிடம் உள்ள 48 இந்த வகை.

இந்த எண்ணில்தான் புதிதாகச் சேகரிப்பவர்கள் சறுக்குகிறார்கள். செப்புக்காசில் அது பின்னத்தின் கீழெண். 12 என்றால் இறைசாலில் 12-இல் ஒரு பங்கு, அதாவது ஒரு பணம். 24 என்றால் அரைப் பணம். 48 என்றால் ஒரு ஸ்டைவர். எண் ஏற ஏற மதிப்பு இறங்கும். எனவே 12 தான் மூன்றிலும் பெரிய, கனமான காசு. ஆனால் 1803க்கும் 1809க்கும் இடையில் வெளிவந்த வெள்ளிக் காசுகளிலும் அதே யானை, அதே எழுத்து, 24, 48, 96 என்ற எண்கள் உண்டு. அங்கே எண் என்பது ஸ்டைவர்களின் தொகை: 48 என்றால் 48 ஸ்டைவர், முழு இறைசால், 96 என்றால் இரண்டு இறைசால். ஆக ‘48’ என்று பொறித்த வெள்ளிக் காசு, ‘48’ என்று பொறித்த செப்புக் காசைப்போல 48 மடங்கு பெறும். ஒரே அரசு, ஒரே காலம், ஒரே எண், இரண்டு பொருள். அன்றைக்குக் குழப்பமில்லை, உலோக நிறமே போதுமாயிருந்தது. இன்றைக்குக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து மதிப்பு எழுதுபவர்கள்தான் தவறுகிறார்கள்.

செப்பு 48இலும் இரண்டு வகை இருக்கிறது. கொழும்பில் அடித்தது கட்டியாக, தடித்து, ஓரம் சப்பையாக இருக்கும்; 1801 தொடங்கி 1816 வரை விட்டுவிட்டு வந்தது. இங்கிலாந்தில் எந்திரத்தில் அடித்த 1802 காசு மெல்லியதாக, சரியான வட்டமாக, யானையின் உடல் மடிப்புவரை தெளிவாக இருக்கும்; அதில் 48, 96, 192 என்ற மூன்று மதிப்புகள். 192 என்பது மேலே சொன்ன கால் ஸ்டைவர். உங்கள் படத்தில் விளிம்பு வளைந்து, யானையின் பின்கால் காசுக்கு வெளியே போயிருக்கிறது. அது கொழும்புக் கட்டி. அச்சு நடுவில் விழாதது குறையல்ல, அந்த வகையின் இயல்பு.

1815இல் மன்னர் மூன்றாம் ஜோர்ஜின் தலையோடு அரை, ஒன்று, இரண்டு ஸ்டைவர் காசுகள் வந்தன. அதே சமயம் ஒரு பணத்துக்காகப் பொடிசாய் ஒரு வெள்ளிக் காசும் இருந்தது, ‘ஃபனம் டோக்கன்’ என்ற எழுத்தோடு. 1821இல் நாலாம் ஜோர்ஜின் தலையும் யானையும் கொண்ட வெள்ளி ரிக்ஸ் டாலர். அத்தோடு யானை ஓய்ந்தது.

1825இல் லண்டன் ஒரு முடிவெடுத்தது: குடியேற்ற நாடுகள் எல்லாவற்றிலும் ஸ்டெர்லிங், அதாவது பிரிட்டனின் பவுன், ஷில்லிங், பென்னி முறை, செல்ல வேண்டும். இலங்கையில் ரிக்ஸ் டாலர் 1 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது 18 பென்ஸ் என்று மாற்று விகிதம் வைத்தார்கள். இங்கேதான் கணக்கு இடிக்கிறது. கையில் ஒரு தாள் எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

18 பென்ஸை 12ஆல் வகுத்தால் ஒரு பணம் 1½ பென்ஸ். அதை நாலால் வகுத்தால் ஒரு ஸ்டைவர் ⅜ பென்னி. அன்று பிரிட்டனின் ஆகச் சிறிய காசு ஃபார்திங், கால் பென்னி. ⅜ பென்னி என்பது ஒன்றரை ஃபார்திங். ஒரு ஸ்டைவருக்கு வெற்றிலை விற்கிறவருக்கு ஒரு ஃபார்திங் கொடுத்தால் அவருக்கு நட்டம், இரண்டு கொடுத்தால் வாங்குகிறவருக்கு நட்டம். சரியாகக் கொடுக்க வழியே இல்லை.

1828இல் ஹாஃப் ஃபார்திங் வந்தது, பென்னியில் எட்டில் ஒன்று. மூன்று ஹாஃப் ஃபார்திங் சேர்ந்தால் சரியாக ஒரு ஸ்டைவர். 1834இல் மூன்று அரைப் பென்னி என்ற வெள்ளிக் காசு வந்தது, 1½ பென்ஸ். அது அச்சொட்டாக ஒரு பணம். 1839இல் குவார்ட்டர் ஃபார்திங் வந்தது, பென்னியில் பதினாறில் ஒன்று; மூன்று சேர்ந்தால் அரை ஸ்டைவர். பிரிட்டன் அடித்த காசுகளில் இதைவிடக் குறைந்த மதிப்பு கிடையாது. ஒரு பவுனுக்கு 3,840 காசு. ஒல்லாந்தரின் பணமும் ஸ்டைவரும் அரை ஸ்டைவரும் ஆங்கில மகுடம் சூட்டிக்கொண்டு மறுபடி பிறந்தன என்றே இதைச் சொல்ல வேண்டும். பணத்தை ஒழித்த அரசே பணத்தை அடித்துக் கொடுத்திருக்கிறது.

வேறு தீவுகளிலும் இதே கதைதான். மால்டாவில் ஸ்கூடோ 20 பென்ஸ், அதில் 240 கிரானோ. ஆகவே ஒரு கிரானோ பென்னியில் பன்னிரண்டில் ஒன்று. அதற்காக 1827இல் மூன்றில் ஒரு ஃபார்திங் அடித்தார்கள். ஜமைக்காவில் பழைய ஸ்பானிய ரியால் 6 பென்ஸாக ஓடியது. அதில் கால்பங்கான 1½ பென்ஸை அங்கே ‘குவாட்டி’ என்பார்கள். நமக்குப் பணமாக ஓடிய அதே வெள்ளிக் காசு அங்கே குவாட்டியாக ஓடியது.

இப்போது உங்கள் பிரிட்டானியா காசு. மால்டாவின் மூன்றில் ஒரு ஃபார்திங்கும் நம் ஹாஃப் ஃபார்திங்கும் தொடக்கத்தில் ஒரே முகம் கொண்டவை: முன்னால் மன்னர் தலை, பின்னால் பிரிட்டானியா, மதிப்பு எங்கும் எழுதப்படவில்லை. வேறுபாடு ஆண்டிலும் அளவிலும்தான். மூன்றில் ஒரு ஃபார்திங் 1827, 1835, 1844 ஆண்டுகளில் வந்தது. விட்டம் ஏறக்குறைய 16 மி.மீ., எடை 1.57 கிராம். பிரிட்டானியா உள்ள ஹாஃப் ஃபார்திங் 1828, 1830, 1837. விட்டம் 18 மி.மீ. அளவு, எடை 2.36 கிராம். ஆண்டு தேய்ந்துபோன காசுக்கு எடைதான் நீதிபதி. நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். 1 கிராம் தாவித் தாவிக் காட்டும் சமையலறைத் தராசு இதற்கு உதவாது. நன்றாகத் தேய்ந்த காசு எடை குறைந்திருக்கும், கூடியிருக்காது. 2.1 கிராம் வந்தால் தேய்ந்த ஹாஃப் ஃபார்திங் என்று கொள்ளலாம், மூன்றில் ஒன்றாக இருக்க வழியில்லை. 1.5 வந்தால் எதிர்மாறு. 4 கிராமுக்கு மேல் காட்டினால் அது இரண்டுமல்ல, சாதாரண ஃபார்திங். அதற்கும் பிரிட்டானியாதான், முழு எடை 4.72 கிராம், விட்டம் 22 மி.மீ.

1839இலிருந்து ஹாஃப் ஃபார்திங்கில் பிரிட்டானியா போய்விட்டாள். கிரீடத்துக்குக் கீழே மதிப்பை எழுத்தில் எழுதி ஆண்டைப் போட்டார்கள். குவார்ட்டர் ஃபார்திங்கும் அதே மாதிரிதான், 13.5 மி.மீ. விட்டத்தில் 1.18 கிராம். குவார்ட்டர் 1839க்குப் பின் 1851, 1852, 1853 ஆண்டுகளில் மட்டும் புழக்கத்துக்கு அடிக்கப்பட்டது. ஹாஃப் ஃபார்திங் 1856 வரை தொடர்ந்தது. 1842இல் அதைப் பிரிட்டனிலும் செல்லும் காசாக அறிவித்துவிட்டதால் 1844இல் ஏராளமாக அடித்தார்கள். உங்களிடம் இருப்பது அந்த ஆண்டுதான், சேகரிப்பில் மிகச் சாதாரணமாகக் கிடைப்பது. அந்த ஒரு காரணத்தால் ஒன்று நினைவிலிருக்க வேண்டும்: 1828, 1830, 1837, 1839 காசு என்றால் இலங்கைக்காக என்று துணிந்து சொல்லலாம், 1842க்குப் பிந்தியது லண்டன் தெருவிலும் ஓடியிருக்கலாம். யாழ்ப்பாணத்துப் பெட்டியில் கிடைத்திருப்பதால் உங்கள் காசு இங்கே ஓடியது என்பது நியாயமான முடிவு. இந்தப் பழைய செப்புக் காசுகள் 1869 முடிவோடு பிரிட்டனில் செல்லாமலாயின.

இன்னொரு பொருத்தம் இருக்கிறது. இலங்கை நாணயம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை என்பதால் நின்று சொல்கிறேன். இந்திய ரூபாய் 2 ஷில்லிங், அதாவது 24 பென்ஸ் என்ற விகிதத்தில் வைத்துப் பாருங்கள். 1½ பென்ஸ் என்பது ரூபாயில் பதினாறில் ஒன்று: இலங்கைப் பணம் அப்படியே இந்திய அணா. அணாவில் நாலில் ஒன்று ஸ்டைவர்: அதாவது காலணா. ஹாஃப் ஃபார்திங்கோ ரூபாயில் 192-இல் ஒரு பங்கு: அது நம் தம்பிடி. இறைசால் முக்கால் ரூபாய். நாகப்பட்டினத்திலிருந்தோ தொண்டியிலிருந்தோ வந்த வியாபாரிக்கு மாற்றுக் கணக்கே தேவைப்படவில்லை. காசுகளின் உடலும் நெருங்கியே இருக்கிறது: கிழக்கிந்தியக் கம்பெனியின் 1835ஆம் ஆண்டு 1/12 அணாக் காசு, அதாவது தம்பிடி, 2.16 கிராம், 17.5 மி.மீ. அளவு, ஹாஃப் ஃபார்திங் 2.36 கிராம், 18 மி.மீ. இரண்டும் ஒரே பெட்டியில் தேய்ந்து கிடந்தால் கையால் பிரிக்க முடியாது. கம்பெனிக் காசில் ஒரு பக்கம் மலர்வளையத்துக்குள் மதிப்பு இருக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வளையத்தின் நிழல் கடைசிவரை தெரியும்.

இந்திய ரூபாய் தீவுக்குள் வெள்ளமாக வரக் காரணம் கோப்பித் தோட்டங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளருக்கு ஊருக்குக் கொண்டுபோகக் கூடிய காசு வேண்டும். அது வெள்ளி ரூபாய். ஆண்டுதோறும் அறுவடைக் காலத்தில் ரூபாய் இறக்குமதியானது. கடைசியில் அரசு நடைமுறைக்கு இணங்கியது. 1869இல் ரூபாய் வரம்பின்றிச் செல்லும் காசாயிற்று. 1872 ஜனவரி 1 முதல் ரூபாய்க்கு 100 சதம் என்ற கணக்கு நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் அணாவும் பைசாவும் 1957 வரை இருந்தன; இலங்கை அதற்கு 85 ஆண்டு முன்பே நூறாகப் பிரித்துவிட்டது.

சதக் காசுகள் 1870 என்ற ஆண்டோடு தயாராகியிருந்தன: 5, 1, ½, ¼ சதம், எல்லாம் செம்பு. ஒரு பக்கம் விக்டோரியா, மறுபக்கம் தாளிப்பனை, அதன் இரு புறமும் சிங்களத்திலும் தமிழிலும் மதிப்பு. ஆங்கிலேயர் இலங்கைக்கு அடித்த செப்புச் சில்லறையில் தமிழ் எழுத்து ஏறியது இந்த வரிசையில்தான். உங்கள் கால் சதத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், 14 மி.மீ. வட்டத்துக்குள் மூன்று எழுத்துமுறையும் ஒரு மரமும் அடங்கியிருக்கின்றன. அச்சு வெட்டியவரின் கைக்கு அது பெரிய சோதனை. முதலில் தேய்வது தமிழ், சிங்கள எழுத்துகளே; அவை சிறியவை, மேடும் குறைவு. மரத்தின் தலை மழுங்கும்முன் எழுத்து போய்விடும்.

எடை இங்கேயும் உண்மையைச் சொல்கிறது. ஒரு சதம் 4.72 கிராம்: பழைய செப்பு ஃபார்திங்கின் எடை. அரைச் சதம் 2.36: ஹாஃப் ஃபார்திங். கால் சதம் 1.18: குவார்ட்டர் ஃபார்திங். 5 சதம் 18.9 கிராம், 34 மி.மீ.: பழைய செப்புப் பென்னி. பெயர்தான் சதம், உடம்பு ஸ்டெர்லிங். விலையும் கிட்டத்தட்ட அதே. ரூபாய் 24 பென்ஸ் என்றால் ஒரு சதம் 0.24 பென்னி, ஃபார்திங் 0.25 பென்னி. கையில் வாங்குகிறவருக்குப் பழகிய கனமே கிடைத்தது. இதற்கு இன்னொரு சாட்சி 5 சதத்தில் இருக்கிறது. அது ஐந்து ஒரு சதக் காசின் எடையில், அதாவது 23.6 கிராமில், இருந்திருக்க வேண்டும். இல்லை, நாலு ஃபார்திங்கின் எடையில் நிற்கிறது.

ஆனால் பழைய பணம், அணாக் கணக்கு புதுச் சதத்தில் உட்கார மறுத்தது. நூறைப் பதினாறால் வகுத்தால் 6¼. ஒரு பணம் 6¼ சதம். கால் சதக் காசு ஏன் வேண்டியிருந்தது என்பது இப்போது விளங்கும்: ஒரு 5 சதம், ஒரு சதம், ஒரு கால் சதம், மூன்று காசில் ஒரு பணம் முடிந்தது. அரைப் பணத்துக்கு வந்தால் 3⅛ சதம். அதற்கு இந்த வரிசையில் வழியில்லை. மேலேயோ கீழேயோ ஒதுக்கித்தான் விலை வைத்திருக்க வேண்டும். சின்ன விலைகள் அணாவை விட்டுச் சதத்துக்கு இடம்பெயரப் பெயரக் கால் சதத்துக்கு வேலை குறைந்தது. அது 1870, 1890, 1898, 1901, 1904 ஆண்டுகளில் வந்து நின்றுவிட்டது. அரைச் சதம் 1940 வரை தாக்குப்பிடித்தது.

5 சதம் வேறு காரணத்தால் செத்தது: கனம். ஒரு ரூபாய்க்கு இருபது காசு, 378 கிராம். பத்து ரூபாய்ச் சில்லறை கிட்டத்தட்ட நாலு கிலோ. 1909இல் அதை எடுத்துவிட்டுச் செப்பும் நிக்கலும் கலந்த வெண்ணிறக் காசு கொடுத்தார்கள், முனை மழுங்கிய சதுரம், பக்கம் 18 மி.மீ., எடை 3.89 கிராம். அதே ரூபாய் 78 கிராமுக்கு இறங்கிவிட்டது. அது வட்டமாக இருந்திருந்தால் 19 மி.மீ. வெள்ளி 25 சதத்தோடு ஒன்றாகிப் போயிருக்கும். நிறமும் அளவும் அத்தனை நெருக்கம். சதுரமானதால் பையில் கைவிட்டாலே விரலுக்குத் தெரியும். இலங்கைச் சில்லறையில் எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இதுதான். அழகுக்காகச் செய்யாத ஒன்று இத்தனை அழகாக வந்திருக்கிறது.

வெள்ளிக் காசுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1892, 1893 முதல் 10, 25, 50 சதம் ஆயிரத்துக்கு 800 பங்கு வெள்ளியில் வந்தன. முதல் உலகப்போரில் வெள்ளி விலை ஏறியதால் 1919 முதல் 550 பங்காகக் குறைத்தார்கள். தேய்ந்தபின் 550 காசு மஞ்சள் பூத்த சாம்பல் நிறம் காட்டும், 800 காசு வெள்ளையாகவே தேயும்.

இரண்டாம் உலகப்போர் சில்லறையை உலுக்கியது. உலோகம் தட்டுப்பாடு, கப்பல் தட்டுப்பாடு. தீவிலோ படையினரும் கூலிவேலையும் பெருகிச் சில்லறைத் தேவை ஏறிவிட்டது. 1942இல் ஒரு சதம் பாதி எடைக்கு, 2.36 கிராமுக்கு, மெலிந்தது. அதே முகம், அதே விட்டம், கனம் மட்டும் பாதி. 1942 ஆண்டுக் காசில் தடித்ததும் மெல்லியதும் இரண்டுமே உண்டு, அதை வாங்கும்போதும் தராசு வேண்டும். 5 சதம் நிக்கல் கலந்த பித்தளைக்கு மாறியது. 1944இல் இதுவரை இல்லாத 2 சதம், ஓரம் இதழ் இதழாக வெட்டிய பித்தளைக் காசாக வந்தது. 10 சதமும் அந்த வடிவத்தைப் பெற்றது. அதுவரைக்கும் தாளில்தான் ஓட்டினார்கள். 1942இல் 10, 25, 50 சத நோட்டுகள் வந்தன. அவற்றோடு ஒரு 5 சத நோட்டு. நடுவில் தபால்தலை போலத் துளைவரிசை, ஒரு பாதி 2 சதம், மறுபாதி 3 சதம். கிழித்தால் சில்லறை. முழுதாக மிஞ்சியவை குறைவு என்பதால் கிழியாத ஜோடிக்கு மதிப்பு அதிகம். விற்கிறவர் ஒட்டித் தருகிறாரா என்று துளைவரிசையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். பசை ஊறிய இடம் நிழலாகத் தெரியும்.

கடைசியாகப் பாதுகாப்பு. புளி, எலுமிச்சை, சாம்பல், பித்தளை துலக்கும் பசை எதுவும் கூடாது. செம்பின் மேல் நூறாண்டில் படிந்த பழுப்புப் படலம்தான் அதன் தோல். அமிலம் அதைக் கரைத்துவிட்டு இளஞ்சிவப்பு உலோகத்தை வெளியே விடும். சில வாரத்தில் அது திட்டுத்திட்டாகக் கறுக்கும். மங்கலாக இருந்த எழுத்தின் மேடும் கூடவே கரைந்திருக்கும். துலக்கிய காசை எந்தச் சேகரிப்பாளரும் தூரத்திலிருந்தே கண்டுகொள்வார். தேங்காய் எண்ணெயும் வேண்டாம்; அதிலுள்ள கொழுப்பமிலம் செம்போடு சேர்ந்து பச்சைப் பிசினாகும்.

அழுக்கு மட்டும் என்றால் வாலை வடித்த நீரில், அதாவது மருந்துக்கடை அல்லது பேட்டரிக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீரில், ஒருநாள் ஊறவைத்து, நீரை மாற்றி மறுபடி ஊறவையுங்கள். யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் சுண்ணாம்பும் உப்பும் கொண்டது, அதைத் தொடவே கூடாது. துடைக்காமல் மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றியெடுத்து, நிழலில் முழுக்க உலர்த்துங்கள். பிசுபிசுப்பாகப் பச்சை ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் பி.வி.சி. உறையின் மென்மையூட்டி கசிந்தது. கலப்பில்லாத அசிட்டோனில், கண்ணாடிக் கிண்ணத்தில், சன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு விளக்கு அருகில் இல்லாமல் சில நிமிடம் முக்கினால் போய்விடும். நகச்சாயம் நீக்கும் திரவத்தில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், அது வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு பச்சை. வெளிறிய பச்சை நிறத்தில், ஊசி முனையால் தொட்டால் மாவாக உதிரும் புள்ளிகள் இருந்தால் அது குளோரைடு அரிப்பு. கடலோர ஊரில் உப்பு ஏறிய காசுகளுக்கு இது அடிக்கடி வரும். ஈரப்பதம் இருக்கும்வரை உள்ளே தின்றுகொண்டே போகும். உங்கள் யானைக் காசின் படத்தில் வாலுக்கு அருகில் அப்படி ஒரு புள்ளி இருப்பதுபோலத் தெரிகிறது. அதை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். மாவை மூங்கில் குச்சியால் மெதுவாக எடுத்துவிட்டு, வடித்த நீரில் தினமும் நீர் மாற்றி இரண்டு மூன்று வாரம் ஊறவைத்து, அசிட்டோனில் ஒருமுறை முக்கி உலர்த்தி, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் வைக்க வேண்டும். நிறம் மாறும் சிலிகா ஜெல் வாங்கினால் எப்போது மாற்றுவது என்று தானே காட்டும். டப்பாவுக்குள் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே நின்றால் அரிப்பு நிற்கும். ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் புதுமாவு தெரிந்தால் முறை முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும்.

உறைக்குப் பாலியெஸ்டர் கேளுங்கள், வளைத்தால் சலசலக்கும். வழவழவென்று மெதுவாக மடிவது பி.வி.சி. ரப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள், அதன் கந்தகம் வெள்ளியையும் செம்பையும் கறுக்கச் செய்யும். ஒவ்வொரு உறையிலும் காசின் எடை, விட்டம், எந்த வீட்டில், எந்த ஊரில் கிடைத்தது என்பதை அமிலமில்லாத தாள்துண்டில் பென்சிலால் எழுதி உடன் வையுங்கள். பேனா மை கசியும்.